எந்தப் பேச்சு எந்த அறையில்?

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு குழுச்செயலி வருகிறது. கைப்பேசியில் அதை இறக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதில் பேசிப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அந்த மாதங்களைக் கடந்து வந்த ஒரு பத்திரிகை அலுவலகத்தின் அனுபவம் இது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு. தீபாவளி மலர் வேலை கடைசிக் கட்டத்தில் இருந்தது. இரவு பதினொன்றேகால் மணிக்கு அச்சகத்திலிருந்து போன். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி மேற்பார்வையாளர் கேட்டார்: "சார், மூணாவது ஃபாரம் ஓடிட்டிருக்கு. முப்பத்தஞ்சாம் பக்கத்துக் கதைக்கும் நாப்பத்தோராம் பக்கத்துக் கதைக்கும் ஒரே எழுத்தாளர் பேரு போட்டிருக்கே... சரிதானா?"

சரியில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது வேறொருவருடைய கதை. ஓர் இளம் எழுத்தாளரின் முதல் கதை. ஊரில் எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருப்பாரோ! அந்தக் கதை இன்னொருவர் பெயரில் அச்சாகிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னோம். ஓடி முடிந்த தாள்கள் வீணாகின. அந்த ஃபாரத்துக்கு மறுபடி பிளேட் போட்டு ஓட்டினோம். பைண்டிங்குக்குப் போவதற்குள் பிடித்துவிட்டோம் என்பதுதான் ஆறுதல்.

மறுநாள் காலை எல்லோரும் உட்கார்ந்து, தப்பு எங்கே நடந்தது என்று பார்த்தோம். எங்கள் பிழை திருத்துநர் நான்கு நாட்களுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்திருந்தார். புரூஃப் தாளில் சிவப்பு மையால் சுழித்து, படம் எடுத்து, கைப்பேசியில் உள்ள அலுவலகக் குழுவில் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அதே குழுவில் ஒரு பிறந்தநாள் வந்தது. முப்பது வாழ்த்துகள் வந்தன. விளம்பரப் பிரிவு ஏதோ கேட்டது. ஒருவர் கோயில் கும்பாபிஷேகப் படங்களைப் போட்டார். லே-அவுட் செய்பவர் அன்று மாலை குழுவைத் திறந்தபோது, திருத்தம் எங்கோ மேலே போயிருந்தது.

யாரும் வேலையில் அசட்டையாக இல்லை. சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். கேட்க வேண்டியவரின் காதில் விழாத இடத்தில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் அலுவலகத்துக்கென்று தனியாக ஒரு செயலி வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

மண்டபமும் சமையல்கட்டும்

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மணமேடை தனி, பந்தி தனி, சமையல்கட்டு தனி. பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால், பரிமாறுகிறவர் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று கத்துவதில்லை. சமையல்கட்டுக்குப் போய்ச் சொல்கிறார். யாரும் எழுதிவைத்த விதி இல்லை என்றாலும் எந்தப் பேச்சு எந்த இடத்துக்கு உரியது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆயிரம் பேர் கூடும் இடத்திலும் வேலை நடக்கிறது.

நம் கைப்பேசிக் குழுக்களில் இந்தச் சுவர்கள் கிடையாது. மேளமும் பந்தியும் மொய்க்கணக்கும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் அது பொருத்தம். அங்கே யாரும் நான்கு நாள் முந்தைய பேச்சைத் தேடிப்போவதில்லை. வேலைக்கு அது பொருந்தாது. வேலையில் நேற்றுச் சொன்னது இன்றைக்கு வேண்டும். போன வருடம் முடிவெடுத்தது இந்த வருடம் வேண்டும்.

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸோஹோ கிளிக், கூகுள் சாட் எல்லாம் இதற்காக வந்தவை. ஒவ்வொன்றும் ஒரே கூடத்தைப் பல அறைகளாகத் தடுத்துத் தருகிறது. கதவில் பெயர் எழுதுவதும், எந்த அறையில் எதைப் பேசுவது என்று ஒத்துக்கொள்வதும் நம் பொறுப்பு. புதுச் செயலி தொடங்கும் இடங்களில் பெரும்பாலான சிக்கல், இந்தப் பொறுப்பும் செயலியோடு சேர்ந்து இறங்கிவிடும் என்று நம்புவதிலிருந்து வருகிறது.

விளையாட்டிலிருந்து பிறந்தவை

இந்த அறைகளின் கதை 1988-இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் அங்கே ஐ.ஆர்.சி. என்ற இணைய உரையாடல் முறையை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு சேனல். சேனலின் பெயருக்கு முன்னால் # குறி. இன்று சமூக ஊடகங்களில் நாம் போடும் ஹேஷ்டேக்கின் மூலமும் அந்தக் குறிதான். பல ஆண்டுகள் அது கணினித் துறையினர் மட்டுமே புழங்கும் இடமாக இருந்தது.

ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவருடைய நண்பர்களும் 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை 2011-இல் வெளியிட்டார்கள். குழுவினர் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று வெவ்வேறு நகரங்களில் இருந்ததால் ஐ.ஆர்.சி. மூலம் பேசிக்கொண்டார்கள். அதில் பழைய பேச்சு சேர்ந்து நிற்காது, தேட முடியாது. எனவே தங்களுக்கு வேண்டிய வசதிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் கட்டிக்கொண்டார்கள். விளையாட்டு ஓடவில்லை. 2012 இறுதியில் அதை மூடினார்கள். மூடும்போதுதான், வேலை செய்வதற்காகத் தாங்கள் கட்டிய கருவி இல்லாமல் இனி எங்கும் வேலை செய்ய முடியாது என்று உணர்ந்தார்கள். அந்தக் கருவிதான் ஸ்லாக். 2013 ஆகஸ்டில் முன்னோட்டமாகவும் 2014 பிப்ரவரியில் எல்லோருக்குமாகவும் வந்தது. 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை வாங்குவதாக அறிவித்தபோது பேசப்பட்ட விலை 2,770 கோடி டாலர்.

ஸ்லாக் என்ற பெயரே ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான். 'எல்லா உரையாடலையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு' என்பது அதன் பொருள். பெயரின் மையம் பதிவேடு என்ற சொல். அரட்டை அடிக்க ஆயிரம் இடம் உண்டு. தேடி எடுக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கம்.

ஸ்லாக் மட்டும் இல்லை. 2015-இல் வந்த டிஸ்கார்டைத் தொடங்கியவர்களும் அதற்கு முன் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள். திறந்த மூலச் செயலியான மேட்டர்மோஸ்டும் ஒரு விளையாட்டு நிறுவனம் தன் உள் உபயோகத்துக்காகச் செய்துகொண்டதுதான். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. விளையாட்டு என்பது ஓவியர், இசைஞர், கதை எழுதுபவர், நிரல் எழுதுபவர் எல்லோரும் கைகோத்தால்தான் பிறக்கும். ஒருவர் ஒரு கோட்டை மாற்றினால் இன்னொருவரின் வேலை மாறிவிடும். தீபாவளி மலரும் அப்படித்தான். ஒரு பத்தி நீண்டால் ஓவியம் சுருங்கும். ஒரு விளம்பரம் வந்தால் ஒரு கவிதை பக்கம் மாறும்.

2013 ஜூலையில், ஸ்லாக்கின் முன்னோட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பட்டர்ஃபீல்ட் தன் குழுவினருக்கு ஒரு குறிப்பு எழுதினார். நாம் குதிரைச் சேணம் விற்பவர்கள் அல்ல, குதிரையேற்றத்தையே மக்களுக்குப் பழக்க வேண்டியவர்கள் என்பது அதன் சாரம். செயலி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மக்கள் வேலை செய்யும் விதம் மாறினால்தான் அது நிலைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2009-இல், கூகுள் பெரிய எதிர்பார்ப்போடு 'வேவ்' என்ற கருவியை அறிவித்தது. மின்னஞ்சல், உரையாடல், ஆவணம் மூன்றும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை வைத்து எந்த வேலையைச் செய்வது என்பது பலருக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டே அதன் வளர்ச்சியை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது.

தெரிந்துகொள்ள ஐந்து சொற்கள்

எந்தச் செயலியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் அடிப்படை ஒன்றுதான்.

சேனல் என்பது அறை. ஒரு வேலைக்கோ ஒரு பிரிவுக்கோ ஒன்று. பொதுச் சேனலில் அலுவலகத்தில் உள்ள யாரும் நுழைந்து படிக்கலாம். தனிச் சேனலுக்கு அழைப்பு வேண்டும்.

த்ரெட் என்பது அந்த அறைக்குள் ஒரு மூலையில் இருவர் நின்று பேசுவது போல. ஒரு செய்திக்கான பதில்கள் அதன் கீழேயே கோத்துக்கொண்டு நிற்கும். மற்ற பேச்சு அதன்மேல் ஏறி மூடாது. எங்கள் நாற்பத்தோராம் பக்கம் ஒரு த்ரெட்டில் இருந்திருந்தால் கும்பாபிஷேகப் படங்கள் அதை மறைத்திருக்காது.

மென்ஷன் என்பது பெயர் சொல்லிக் கூப்பிடுவது. @ போட்டு ஒருவர் பெயரை எழுதினால் அவருக்கு மணி அடிக்கும். மொத்தச் சேனலையும் கூப்பிடவும் வழி உண்டு. நாற்பது பேரின் கைப்பேசியை ஒரே நேரத்தில் அடிக்கவைப்பது அது. அச்சு நிறுத்தம் போன்ற விஷயத்துக்கு மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பின் என்பது சுவரில் ஆணி அடித்து மாட்டும் அட்டவணை. பக்கப் பட்டியல், கெடு தேதி, அச்சக முகவரி போன்றவை அங்கே இருக்க வேண்டியவை.

ஐந்தாவது தேடல். இவ்வளவு ஏற்பாடும் கடைசியில் இதற்காகத்தான்.

முதல் நாளில் நான்கு சேனல் போதும்

உற்சாகத்தில் எங்கள் அட்மின் முதல் நாளே பத்தொன்பது சேனல்களைத் திறந்துவிட்டார். கதைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, ராசிபலனுக்கு ஒன்று, வாசகர் கடிதத்துக்கு ஒன்று. ஒரு வாரத்தில் பதினைந்து சேனல்களில் ஆளரவமே இல்லை. எதை எங்கே போடுவது என்ற குழப்பத்தில் எல்லோரும் பழைய கைப்பேசிக் குழுவுக்கே திரும்பினார்கள்.

அடுத்த வாரம் நான்காகக் குறைத்தோம். #அறிவிப்பு: ஆசிரியரும் நிர்வாகமும் மட்டும் எழுதும் இடம். #இந்த-வாரம்: நடக்கும் இதழின் வேலை முழுவதும். #தீபாவளி-மலர். நான்காவதாக #திண்ணை. பிறந்தநாள், கும்பாபிஷேகம், கிரிக்கெட், பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாம் திண்ணைக்கு. அந்த நான்காவதுதான் மற்ற மூன்றையும் காப்பாற்றியது என்பேன். மனிதர்கள் பேசத்தான் செய்வார்கள். பேச ஓர் இடம் கொடுத்தால் வேலை அறைக்குள் வந்து பேச மாட்டார்கள்.

புதிதாகச் சேனல் திறக்க ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ஒரே விஷயம் இரண்டு வாரம் தொடர்ந்து ஒரு சேனலை நிறைத்து, மற்றவர்களுக்கு இடைஞ்சலானால் மட்டும் அதற்குத் தனி அறை.

பழைய கைப்பேசிக் குழுவை மூடவில்லை. மூடியிருந்தால் மனவருத்தம் வந்திருக்கும். ஆனால் ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, அன்று முதல் வேலை விஷயத்துக்கு அங்கே பதில் வராது என்று சொல்லிவிட்டோம். யாராவது பழக்கதோஷத்தில் அங்கே கேட்டால், "சேனலில் போட்டிருக்கிறேன், அங்கே பாருங்கள்" என்று ஒரே வரி. கடுமை இல்லை, விலக்கும் இல்லை. ஆசிரியரும் அதே வரியைத்தான் எழுதினார். மூன்று வாரத்தில் அங்கே வேலைப் பேச்சு நின்றது.

எல்லார் முன்னாடியும் கேட்பது

எந்தக் கையேட்டிலும் இல்லாத தடை ஒன்று இதற்குப் பிறகுதான் வந்தது.

செயலிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் சேனலில் யாரும் கேள்வி கேட்கவில்லை. எல்லாம் தனிச் செய்தியாக வந்தது. புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியை ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "சார், மலர்ல ஓவியருக்கு எத்தனை நாள் டைம் குடுக்கணும்?" அதே கேள்விக்கு அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லியிருந்தேன்.

"சேனல்ல கேளும்மா. எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்."

"எல்லார் முன்னாடியும் கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு நினைச்சுக்க மாட்டாங்களா சார்?"

அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருந்தது. வகுப்பறையில் கை தூக்கிக் கேட்ட பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேட்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். அப்படி வளர்ந்த ஒருவரிடம் "இனி எல்லாவற்றையும் பொதுவில் கேள்" என்றால் எப்படிக் கேட்பார்? செயலி திறந்துவைத்த கதவை இந்தத் தயக்கம் உள்ளிருந்து தாழிட்டுவிடுகிறது.

தாழ்ப்பாளைப் பெரியவர்கள்தான் திறக்க வேண்டும். மறுநாள் காலை #தீபாவளி-மலர் சேனலில் நான் எழுதினேன்: "பிடிஎஃப் புரூஃபில் பக்கத்து ஓரமாகக் குறிப்பு எழுத எனக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லித்தர முடியுமா?" உண்மையிலேயே எனக்குத் தெரியாது. நான்கு நிமிடத்தில் முதல் பதில் வந்தது, அதே உதவி ஆசிரியையிடமிருந்து. படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார். அதன் கீழே இன்னொரு மூத்தவர், "நல்லவேளை நீங்க கேட்டீங்க, நானும் தேடிக்கிட்டிருந்தேன்" என்று எழுதினார்.

அதற்கடுத்த வாரம் தனிச் செய்திகள் பாதியாகக் குறைந்தன. ஒரு குழுத் தலைவர் புதுச் செயலிக்காக ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யட்டும்: தனக்குத் தெரியாத ஒன்றை எல்லோரும் பார்க்கக் கேட்கட்டும்.

பிழை சுட்டுவதிலும் இதே கூச்சம் இருந்தது. மூத்த எழுத்தாளர் ஒருவரின் கட்டுரையில் ஆண்டு தப்பாக இருக்கிறது; இளையவர் அதைப் பொதுவில் எப்படிச் சொல்வார்? ஒரு வழக்கம் வைத்தோம். பிழை பக்கத்துக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. "நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்" என்று யாரும் எழுதக்கூடாது. "பக்கம் 52, மூன்றாம் பத்தி, ஆண்டு சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினால் போதும். மரியாதையும் குறையவில்லை, பிழையும் தப்பவில்லை.

தமிழில் தேடினால் கிடைக்குமா?

தமிழில் வேலை செய்யும் எந்த அலுவலகமும் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒருவர் 'படம்' என்று எழுதுகிறார். ஒருவர் 'போட்டோ' என்கிறார். இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார். நாளைக்குத் தேடும்போது மூன்றும் மூன்று வேறு சொற்கள். இதைவிடப் பெரிய சிக்கல் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது சொல்லின் கடைசியும் மாறும். 'அச்சகம்' என்பது 'அச்சகத்துக்கு', 'அச்சகத்திலிருந்து' என்று ஆகும்போது 'ம்' போய்விடுகிறது. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடலில் 'அச்சகம்' என்று தட்டினால் 'அச்சகத்துக்கு அனுப்பியாச்சு' என்ற செய்தி அகப்படாமல் போகலாம். தமிழ் படித்தவருக்கு இரண்டும் ஒரே சொல். கணினிக்கு அப்படி இல்லை.

எங்கள் தீர்வு எளியது. மலரில் வரும் ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் எண் கொடுத்தோம். 'ம17' என்றால் பதினேழாவது படைப்பு. கதையாசிரியரின் கடிதமோ, ஓவியமோ, திருத்தமோ, அச்சகத்தின் கேள்வியோ, எதுவானாலும் செய்தியின் முதல் சொல் 'ம17'. அதற்கு உருபு ஒட்டக்கூடாது. எண்ணைத் தட்டினால் அந்தப் படைப்பின் முழுச் சரித்திரமும் வந்து நிற்கும். துணிக்கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் தொண்டு அமைப்பானாலும் இதைச் செய்யலாம். பில் எண், வகுப்பு எண், கிராமத்தின் சுருக்கப் பெயர் என்று ஏதாவது ஓர் அடையாளம் போதும்.

அடுத்தது குரல் பதிவு. நம் ஊரில் தட்டச்சு செய்யச் சிரமப்படும் பலருக்கு அது வரம். ஆனால் மூன்று நிமிடக் குரல் பதிவுக்குள் எது இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாராலும் தேட முடியாது. குரலைத் தடுக்கவில்லை, குரலுக்கு மேலே ஒரு வரி எழுத்து கட்டாயம் என்றோம். "ம17 தலைப்பு மாற்றம்" என்ற அந்த ஒரு வரிதான் பெட்டிக்கு மேலே ஒட்டும் சீட்டு.

எங்கள் பிழை திருத்துநருக்கு எழுபத்தொரு வயது. அலுவலகமே அவரை ஐயா என்றுதான் கூப்பிடும். "தம்பி, இந்த வயசுல எனக்குப் புதுசா ஒண்ணும் வேணாம். தாள்ல போட்டாத்தான் எனக்குக் கண்ணு தெரியும்" என்றார். அவருடைய சிவப்புப் பேனாவை யாரும் பிடுங்கவில்லை. தாளில் திருத்துவார், படம் எடுப்பார், உரிய எண்ணின் த்ரெட்டில் போடுவார். இது மட்டும்தான் அவருக்குப் புதியது. ஒரு மதிய வேளை பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கைப்பேசியிலேயே, அவருடைய விரலாலேயே பத்து முறை செய்யவைத்தோம். லே-அவுட் செய்பவர் படத்தைப் பார்த்ததும் கண் அடையாளம் போடுவார். திருத்தி முடித்ததும் டிக் அடையாளம். ஐயாவுக்கு டிக் வரவில்லை என்றால் சும்மா இருக்க மாட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து எங்களில் அதிக ஒழுங்காகச் செயலியைப் பயன்படுத்தியவர் அவர்தான்.

இரவு எட்டு மணிக்கு மேல்

அலுவலகப் பேச்சுக்குத் தனிச் செயலி வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அலுவலகம் நம் சட்டைப்பையில் ஏறி வீட்டுக்கே வந்துவிடுகிறது.

பிரான்சில் 2017 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமாக நடைமுறைக்கு வந்தது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு மணிக்கு மேல் சேனலில் யாரும் எழுத வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இரவில் ஏதாவது தோன்றினால், எழுதிக் காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைக்கலாம். பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. அச்சை நிறுத்த வேண்டிய அவசரம் என்றால் போன். போன் வந்தால் அது அவசரம். சேனலில் வந்தால் அது அவசரம் இல்லை. இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தால்தான் மனம் நிம்மதியாகத் தூங்கும்.

இதில் மேலே இருப்பவர்களின் பொறுப்பு அதிகம். ஆசிரியர் இரவு பத்து மணிக்கு, "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று எழுதினாலும், படிப்பவருக்கு அது உத்தரவுதான். சமையலையும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் பாதியில் விட்டுவிட்டுப் பதில் எழுதிய சக ஊழியர்களை எனக்குத் தெரியும்.

பகலிலும் மணி ஓயாமல் அடித்தால் வேலை நடக்காது. குறுக்கீட்டால் விட்ட வேலைக்குத் திரும்ப மனிதருக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் தன் ஆய்வுகளில் கண்டிருக்கிறார். எனவே பிழை திருத்தும் காலை நேரத்தில் ஐயாவின் நோட்டிஃபிகேஷன் அணைந்திருக்கும். அப்போது அவர் பதில் சொல்லவில்லை என்று யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பூட்டும் சாவியும்

தொடங்கும் உற்சாகத்தில் மறந்துபோகும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அட்மின் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் சாவியும் அவரோடு போய்விடக் கூடாது. வேலையை விட்டவரின் கணக்கை அன்றே நீக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஓவியர், புகைப்படக்காரருக்கு விருந்தினர் அனுமதி போதும். அவர்களுக்குரிய சேனல் மட்டும் தெரிந்தால் போதும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லோரும் போட்டாக வேண்டும். கடவுச்சொல், ஓடிபி, வங்கி எண் எதையும் எந்தச் சேனலிலும் எழுதக்கூடாது. 2021-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தில் தகவல் திருட்டு நடந்தது. அலுவலகச் செயலிக்குள் புகுந்து, கைப்பேசி தொலைந்துவிட்டது என்று தொழில்நுட்ப உதவியாளரிடம் பேசியே உள்ளே போனதாகத் திருடியவர்கள் சொன்னார்கள். செயலிக்குள் இருப்பவரெல்லாம் நம்மவர் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்குக் கதவானது. பணம், அனுமதி பற்றி யாராவது செயலியில் கேட்டால், போன் செய்து குரலைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

அலுவலகச் செயலியில் எழுதுவதை நிர்வாகம் பார்க்க வழி உண்டு என்ற எண்ணத்தோடுதான் எழுத வேண்டும். சொந்த விஷயங்களுக்குச் சொந்தச் செயலி இருக்கிறது.

செலவுக் கணக்கையும் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்கலாம். ஓராண்டு தாண்டியவை அழிக்கப்படும். மலர் போன்ற ஆண்டு வேலைக்கு இது பெரிய இழப்பு. போன தீபாவளிக்குச் செய்த முடிவு இந்தத் தீபாவளிக்குக் கண்ணில் படாது. மேட்டர்மோஸ்ட், ஜூலிப் போன்ற திறந்த மூலச் செயலிகளை நம் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிளிக் அலுவலகத்துக்கானது. அதே நிறுவனத்தின் 'அரட்டை' தனிமனிதர்கள் பேசிக்கொள்வதற்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எதை எடுத்தாலும், மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து, அந்த மாதம் எடுத்த முடிவுகளை ஒரே ஆவணத்தில் தேதியோடு எழுதிச் சேனலில் பின் செய்துவிட வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

முதல் மாதம்: ஒரு பார்வையில்

முதல் வாரம்: பத்துப் பேருக்கு மிகாத ஒரு குழு, ஒரே ஒரு உண்மையான வேலை. பயிற்சிக்கென்று பொய்வேலை வேண்டாம்.

இரண்டாம் வாரம்: நான்கு சேனல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். தலைவர் பொதுவில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

மூன்றாம் வாரம்: பழைய குழுவில் வேலைப் பேச்சை நிறுத்தும் நாள். தட்டச்சில் சிரமப்படுவோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம்.

நான்காம் வாரம்: ஆளில்லாத சேனல்களை மூடுவது, முடிவுகளை ஆவணமாக்குவது, எது எரிச்சலூட்டுகிறது என்று எல்லோரையும் கேட்பது.

இந்த ஆண்டு மலர்

இந்த ஆண்டு மலர் வேலை தொடங்கிய வாரத்தில் புதிதாக ஓர் உதவி ஆசிரியர் சேர்ந்தார். முன்பெல்லாம் புதியவரை ஒரு வாரம் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். இவர் முதல் நாள் காலை முழுக்க #தீபாவளி-மலர் சேனலில் பின் செய்திருந்த சென்ற ஆண்டு முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் பொதுச் சேனலில், எல்லோரும் பார்க்க, ஒரு கேள்வி கேட்டார்: "எழுத்தாளர் பெயரைக் கதைத் தலைப்போடு ஒப்பிட்டு இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இது ஏன் வந்தது? நான் புரிந்துகொண்டால் மறக்க மாட்டேன்."

அவருக்குத் தனியாகப் பதில் எழுத என் விரல் போனது, நிறுத்திக்கொண்டேன். சேனலில் ஐயா முந்திக்கொண்டார். தட்டச்சு அவருக்கு இன்னும் மெதுவாகத்தான் வரும். அதனால் எப்போதும்போல வெள்ளைத் தாளில், சிவப்பு மையில், நாற்பத்தோராம் பக்கத்தின் கதையை நான்கு வரியில் எழுதிப் படம் எடுத்துப் போட்டிருந்தார். படத்துக்கு மேலே எங்கள் வழக்கப்படி ஒரு வரி: "பெயர் விதி, காரணம்."

புதியவர் அதன் கீழே கண் அடையாளம் போட்டார். சற்று நேரம் கழித்து டிக் அடையாளம் வந்தது.